வைச்சிட்டன் அக்கா

என்னுடைய மூன்றாவது டிரைவிங் பாடத்தின்போது அந்த அக்கா நடுச்சாலையில் கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டார். சிக்னல் பச்சையாகி, பின்னால் ஏழெட்டு வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. நான் கியரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவர் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "தம்பி, உது சரிவராது. நான் வைச்சிட்டன்" என்றார். பிறகு சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் வந்து நின்ற பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்து எனக்குக் கைகூடக் காட்டினார்.

லைசென்ஸ் இல்லாத நான் ஓட்டுகிறபோது லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது. நான் வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு மணி நேரம் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எஞ்சின் கோளாறு என்று ஊருக்கே நடித்தேன்.

ஓட்டத் தெரிவதற்கு முன்னால் வண்டியை வாங்கிய ஆள் நான் என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். என்னுடைய திட்டத்தில் கார் என்று ஒரு கட்டம் இருந்தது. ஓட்டக் கற்பது என்று கட்டம் இல்லை. அந்தத் திட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

இது எழுபதுகளின் நடுவில். டொராண்டோவின் அந்த உயரக் கோபுரம் அப்போது பாதிதான் வளர்ந்திருந்தது. விக்டோரியா பார்க் பக்கம் பதினொரு மாடிக் கட்டடம் ஒன்றில், மூன்றாவது மாடியில் ஓர் அறையில் நான் தனியாக இருந்தேன். ஐந்தாவது மாடியில் அவர் தனியாக இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. நாள் முழுக்க நோயாளிகளிடம் மூச்சைப் பிடியுங்கள், இப்போது விடுங்கள் என்று சொல்லிச் சொல்லி அது நாக்கில் ஒட்டிவிட்டிருந்தது. லிஃப்ட் நடுவில் நின்றுபோனாலும் சரி, நான் பெரிதாக எதையாவது பேசத் தொடங்கினாலும் சரி, "மூச்சை விடும், தம்பி" என்பார். முன்னால் அவரை அக்கா என்போம். முதுகுக்குப் பின்னால் வைச்சிட்டன் அக்கா.

வைச்சிட்டன் என்றால் வைத்துவிட்டேன். கையிலிருக்கும் சீட்டைக் கவிழ்த்து வைத்து, இந்த ஆட்டத்துக்கு நான் இல்லை என்று ஒதுங்கும்போது சொல்வது. நாங்கள் எல்லாரும் அதை முனகிக்கொண்டே சொல்வோம். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போகிறவர்போலச் சொல்வார். சீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பின்னல் வகுப்பில் சேர்ந்து, ஒரு கை மட்டும் பின்னி முடித்த ஸ்வெட்டரை வைச்சிட்டார். மாலை நேரக் கணக்கியல் படிப்பை மூன்றாவது வாரம் வைச்சிட்டார். ஒருமுறை நாங்கள் நாலைந்து பேர் சினிமாவுக்குப் போனோம். இருபதாவது நிமிடம் எழுந்து போனவர், வெளியே வெயிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டிக்கெட் வாங்கிய பாவத்துக்காக நான் கடைசி எழுத்து ஓடி விளக்குப் போடும்வரை உள்ளேயே இருந்தேன். படம் படு மோசம்.

ஒரு பொங்கலுக்கு அவர் செய்ததைக் கேட்டால் நீங்கள் மன்னிக்க மாட்டீர்கள். எங்கள் ஆட்களும் இரண்டு வருடம் மன்னிக்கவில்லை. அந்த நாளில் எங்களுக்குத் தெரிந்த தமிழர்களையெல்லாம் திரட்டினால் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள ஹாலில் அடங்கிவிடுவோம். பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை, அறுபது பேருக்குப் பொங்குகிற பொறுப்பை அக்கா தானாகவே ஏற்றுக்கொண்டார். பெரிய அலுமினியப் பானை, கரண்ட் அடுப்பு. அரிசி பாதி வெந்ததும் அடி பிடித்துப் புகை வந்தது. நாங்கள் நாலு ஆண்கள் பானையைச் சூழ்ந்துகொண்டோம். பால் ஊற்று என்றார் ஒருவர், கிளறாதே என்றார் இன்னொருவர். மேல்பாகத்தை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றலாம் என்று நான் ஒரு திட்டம் சொன்னேன். அக்கா அடுப்பை அணைத்தார்.

"அடிப்பிடிச்சுப் போச்சு. இனி என்ன செய்தாலும் புகை மணக்கும். நான் வைச்சிட்டன்."

கோட்டைப் போட்டுக்கொண்டு பனியில் இறங்கிப் போனவர், அரை மணி நேரத்தில் பாணும் ஜாமும் வாழைப்பழமுமாகத் திரும்பி வந்தார். பாண் என்றால் நம் பிரெட். பொங்கல் விழாவில் அறுபது தமிழர்கள் பிரெட்டும் ஜாமும் சாப்பிட்டார்கள். தப்பு, ஐம்பத்தாறு பேர். நாங்கள் நாலு பேர் அந்தப் பானையை விடவில்லை. மூன்று மணிவரை சுரண்டி, கிளறி, ஏலக்காயை அள்ளிக் கொட்டி, கடைசியில் ஆளுக்கு ஒரு கரண்டி தின்றோம். ஒரே சாம்பல் வாசனை. நிமிர்ந்து பார்த்தால் ஹாலைப் பெருக்கிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

அவர் செய்தது சரி என்று நான் அப்போதும் சொல்லவில்லை, இப்போதும் சொல்ல மாட்டேன். நம்பியவர்களைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிற குணம் அது. பிற்பாடு ஒருநாள் டொராண்டோவையே வைச்சிட்டு எட்மண்டனுக்குப் போய்விட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "இஞ்ச பாத்தது காணும்" என்றார். காணும் என்றால் போதும். அதற்கு மேல் ஒரு விளக்கமும் இல்லை. ஆனால் சீட்டாட உட்கார்ந்தால் அவரைப்போல ஒரு ஆளை நான் பார்த்ததில்லை.

எங்கள் ஆட்டம் நடந்தது கட்டடத்தின் கீழ்த்தளத்து லாண்டரி அறையில், ஞாயிறு பிற்பகல்களில். துணி துவைக்கும் மெஷின் ஓடத் தொடங்கினால் சீட்டுப் போடுவோம். உலர்த்தும் மெஷின் நின்றால் ஆட்டம் முடிந்தது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற சூப்பர் ஒரு போர்த்துகீசியக் கிழவர், அவர்தான் எங்களுக்குப் போக்கர் சொல்லிக் கொடுத்தது. காசு வைத்து ஆடினால் தன் வேலை போய்விடும் என்று பயந்து, மெஷின்களுக்குள் உதிர்ந்து கிடக்கும் சட்டைப் பொத்தான்களைச் சேர்த்து வைத்து அதைக் கொண்டு ஆடச் சொன்னார். நாலாவது ஆள் ஒரு கோயம்புத்தூர்க்காரர், பல்கலைக்கழகத்தில் கணக்கில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். எந்தச் சீட்டு வரும் என்பதற்கு எப்போதும் ஒரு சதவிகிதம் வைத்திருப்பார். அந்தச் சதவிகிதம் ஒருநாளும் அவருக்கு உதவி நான் பார்க்கவில்லை.

போக்கர் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆளுக்கு ஐந்து சீட்டு. பிடிக்காததை ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம். பிறகு பொத்தானைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், இல்லையென்றால் சீட்டை வைத்துவிட்டு ஒதுங்க வேண்டும். இவ்வளவுதான். இதில் கூட்டுவது எனக்கு நன்றாக வந்தது. ஒதுங்குவதுதான் வரவில்லை. ஒரு பொத்தான் நடுவில் போய்விட்டால், அதைத் தனியாக விட மனசு கேட்காமல் துணைக்கு இன்னும் பத்தை அனுப்புவேன். அக்கா பத்து ஆட்டத்தில் எட்டை வைச்சிட்டு, நாங்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்தபடி காலுறைகளுக்கு ஜோடி சேர்த்துக்கொண்டிருப்பார். ஆட்டம் முடியும்போது அவரிடம் கொண்டுவந்ததைவிட நாலு பொத்தான் கூடுதலாக இருக்கும். என்னிடம் என் சட்டையில் இருப்பவை மட்டும் இருக்கும்.

ஒருநாள் எனக்கு இரண்டு ஜாக்கியும் இரண்டு ஒன்பதும் வந்தன. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நான் இன்ஜினியரிங் விடுதியில் இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடியே பட்டம் வாங்கியவன். அந்த ஆட்டத்தில் ஜாக்கிதான் எல்லாவற்றுக்கும் பெரிய சீட்டு, அடுத்தது ஒன்பது. ராஜாவும் ராணியும் அவற்றுக்கு முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். மூளைக்குப் போக்கர் தெரியும், கைக்கு இருபத்தெட்டுதான் தெரியும் போலிருக்கிறது. இருந்த பொத்தான் எல்லாவற்றையும் தள்ளினேன். அது போதாமல் போட்டிருந்த சட்டையின் கடைசிப் பொத்தானையும் பிய்த்து வைத்தேன். சூப்பர் அமைதியாக இரண்டு ராணியையும் இரண்டு மூன்றையும் விரித்தார்.

"என்னுது ஜாக்கி! ஜாக்கியும் ஒன்பதும்!" என்று நான் தமிழிலேயே கத்தினேன்.

சூப்பருக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது. அவர் ஊரில் ஆடுகிற முந்நூற்றிநாலிலும் அதே வரிசைதான். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"எனக்கும் வந்த புதுசிலை உந்த விசர் இருந்தது, தம்பி. ஊரிலை உவைதான் பெரியாள். இஞ்ச உவைக்கு மேல மூண்டு பேர் இருக்கினம்."

ஊரில் இன்ஜினியராக இருந்து, இங்கே வந்து மற்ற இன்ஜினியர்கள் சொல்வதை வரைகிறவனாக இருந்த எனக்கு அது இன்னும் கொஞ்சம் ஆழமாகவே குத்தியது. சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். எங்கள் கம்பெனியில் ஒருநாள் எல்லாரையும் உட்கார வைத்து ஓர் ஆள் பேசினார். குறிக்கோளை எழுதி வைப்பவன்தான் முன்னேறுவான் என்றார். ஐந்தாண்டுத் திட்டங்களைப் பாடமாகப் படித்து வளர்ந்த எனக்கா சொல்ல வேண்டும்? அன்று சாயங்காலமே கம்பெனி மேஜையில், கம்பெனித் தாளில், கம்பெனி மையால் என் வாழ்க்கையை வரைந்தேன். ஐந்து கட்டங்கள். முதலாவது, இங்கே இன்ஜினியர் என்று போட்டுக்கொள்வதற்கான பரீட்சை. இரண்டாவது கார். மூன்றாவது அஜின்கோர்ட்டில் மூன்று படுக்கையறை வீடு. அப்போது அங்கே சோளக்காட்டை அழித்து வரிசையாக வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். நாலாவது, மனைவி, குழந்தை வருகை. ஐந்தாவது சமநிலை. வேலை, குடும்பம், உடம்பு, பொழுதுபோக்கு எல்லாம் வாழ்க்கையில் சமமாக இருக்க வேண்டும் என்று அந்த ஆள் சொல்லியிருந்தார். ஐந்தாம் வருடம் ஏப்ரலில் சமமாக இருக்கத் தொடங்குவதாகப் போட்டிருந்தேன். பொழுதுபோக்கு மட்டும் முன்கூட்டியே தொடங்கிவிட்டது, அதுதான் போக்கர். அதற்கும் வாரம் நாற்பது பொத்தான் என்று இலக்கு. சிரிக்காதீர்கள்.

மனைவி தஞ்சாவூரில் அவள் அப்பா வீட்டில் இருந்தாள். நான் விமானம் ஏறியபோது எங்கள் பெண்ணுக்குப் பத்து மாதம். வீடு வாங்கியதும் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் வருடம், எப்போது கூப்பிடுவீர்கள் என்று கேட்டு எழுதினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த வரைபடத்தை ப்ளூபிரிண்ட் எடுத்து, எட்டாக மடித்து ஏர்மெயிலில் அனுப்பினேன். என் புத்தியை எதால் அடிப்பது!

பதில் ஒரு மாதம் கழித்து வந்தது. "படம் கிடைத்தது. கோடுகள் நேராக இருக்கின்றன. பாப்பா அதை விரித்து அதன்மேல் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். எனக்கு அரசுப் பள்ளியில் நிரந்தர வேலைக்கு உத்தரவு வந்திருக்கிறது. ஜூன் முதல் தேதி சேர வேண்டும். சேரட்டுமா, வேண்டாமா? ஒரு வரி எழுதுங்கள்" என்று எழுதியிருந்தாள்.

அந்த ஒரு வரி எனக்கு வரவில்லை. சேர் என்றால் அவள் வர மாட்டாள். சேராதே என்றால் நான் உடனே கூப்பிட வேண்டும். வீடோ இன்னும் வாங்கவில்லை. மூன்றாவது கட்டம் முடியாமல் நாலாவதை எப்படித் தொடங்குவது? ஏப்ரல் போய் மே பிறந்தது. பதினெட்டு நாள் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லாண்டரி அறையில் கோயம்புத்தூர்க்காரர் ஏதோ கணக்குப் போட்டுப் பார்க்கத் தாள் கேட்டார். பையில் கடிதத்தோடு மடித்து வைத்திருந்த வரைபடத்தை எடுத்து, பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள் என்று நீட்டினேன். நடுவில் இருந்த அக்கா அதை வாங்கி, திருப்பிப் பார்த்தார். ஒரு கையில் சீட்டுகளை விசிறியாகப் பிடித்துக்கொண்டு, மறுகையில் என் வாழ்க்கையைத் தூரமாகத் தள்ளிப் பிடித்து வாசித்தார்.

"உந்த நாலாம் பெட்டிக்குள்ள இருக்கிறது ஆர்?"

"என் சம்சாரமும் பொண்ணும்க்கா."

"காருக்குப் பிறகோ?"

"அது முக்கியத்துவ வரிசை இல்லக்கா. கால வரிசை."

இப்படி ஒரு பதிலைச் சொல்லிவிட்டு, நன்றாக விளக்கிவிட்டேன் என்ற திருப்தியோடு நான் சீட்டைப் பார்த்தேன். அக்கா சிரிக்கவில்லை. வரைபடத்தை மேஜையில் போட்டார், சீட்டைக் கவிழ்த்தார், எழுந்து போனார். அவருடைய துணி இன்னும் மெஷினுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. வைச்சிட்டன் என்றுகூடச் சொல்லவில்லை. கோயம்புத்தூர்க்காரர் அவர் வைத்த சீட்டைத் திருப்பினார். நாலு ஏழுகள். அன்று அந்த மேஜையில் இருந்த பொத்தான் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிருக்கலாம்.

"இதை வச்சிட்டுப் போறவங்க உலகத்துல உண்டா?" என்றார் அவர்.

மெஷின் நின்றதும் அக்காவின் வெள்ளை யூனிஃபார்ம்களைத் தாறுமாறாக மடித்துத் தூக்கிக்கொண்டு ஐந்தாவது மாடிக்குப் போனேன். கதவைத் திறந்தவர் துணியை வாங்கவில்லை. வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார்.

"கலியாணம் முடிஞ்சு ஆறாம் மாசம் அவர் லண்டனுக்குப் போனவர். கணக்காளர் சோதினை. சோதினை பாஸ் பண்ணிப்போட்டுக் கூப்பிடுறன் எண்டார். பேந்து நல்ல வேலை ஒண்டு எடுத்துப்போட்டு எண்டார். பேந்து வீடு வாங்கிப்போட்டு எண்டார். ஒன்பது வருசம், தம்பி."

அவருக்குக் கல்யாணம் ஆனதே எனக்கு அதுவரை தெரியாது. கேட்கக்கூடாத கேள்வியைத்தான் என் வாய் முதலில் கேட்கும். "அங்கே வேற யாராவது…?"

"இல்லை. வேற ஒருத்தி இருந்திருந்தால் எனக்கு முதல் வருசமே விளங்கியிருக்கும். அவர் நல்ல மனிசன். உம்மளை மாதிரி."

நான் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கடைசிவரைக்கும் கூப்பிடவே இல்லையாக்கா?"

"கூப்பிட்டவர். ஒன்பதாம் வருசம் வீடு வாங்கி, டிக்கெட்டும் அனுப்பினவர். மூண்டு அறை எண்டு எழுதியிருந்தார். நான் போகேல்லை. அவரிலை எனக்குக் கோவமே இல்லை, தம்பி. முதல் வருசம் கடிதம் வந்தால் மூண்டு தரம் வாசிப்பன். நாலாம் வருசம் ஒருக்கா வாசிப்பன். ஏழாம் வருசம் உடைக்காமல் அலுமாரிக்கு மேல வைச்சிட்டு அடுப்பைப் பாத்தன். காத்திருக்கிறதை எப்ப விட்டனான் எண்டு எனக்கே தெரியாது." அவர் என் சட்டைப் பையைப் பார்த்தார். "உது ஆற்றை கடிதம்?"

சொன்னேன். என் மனைவியுடையது என்று. அவள் கேட்டிருந்த ஒரு வரியையும் சொன்னேன்.

"எத்தினை நாளாச்சு வந்து?"

"பதினெட்டு."

"ஐயோ கடவுளே" என்றார்.

"நான் இப்ப என்ன செய்யணும்க்கா?"

"எனக்கென்ன தெரியும்? நான் உமக்குப் புத்தி சொல்ல வரேல்லை. உம்மளைப் பாக்க எனக்குக் கோவம் வருது, அவ்வளவுதான். துணியை வைச்சிட்டுப் போம்."

துணியைக் கால்மிதியில் வைத்துவிட்டு வந்தேன். கீழே வந்து அந்த வரைபடத்தைக் கிழிக்கப் பார்த்தேன். வீர வசனம் பேசிவிட்டு ஒரே இழுப்பில் கிழித்தெறிய ஆசை. கம்பெனித் தாள் அல்லவா, நூறு வருடம் தாங்குகிற தாள், கிழியவில்லை. பல்லால் கடித்தும் பார்த்தேன். கடைசியில் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் செருகினேன். மறுநாள் காலை தந்தி கொடுத்தேன். வேலை வேண்டாம், இருவரும் உடனே வரவும். ஒரே ஓர் அறைதான் என்பதையும் சேர்த்தேன்; அது தெரிந்தால் வர மாட்டாளோ என்ற பயத்திலேயே இவ்வளவு நாள் வாயை மூடியிருந்தேன் என்பது எழுதும்போதுதான் எனக்கே தெரிந்தது.

பன்னிரண்டு நாள் பதில் இல்லை. அவள் கடிதத்துக்கு நான் பதினெட்டு நாள் எடுத்துக்கொண்டது சாதாரணமாகப் பட்டது. இந்தப் பன்னிரண்டு நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சீட்டில் மூன்று ஆட்டம் பார்க்காமலேயே தோற்றேன். பதின்மூன்றாம் நாள் ஒரே வார்த்தையில் தந்தி வந்தது: வருகிறோம்.

ஐந்தாவது மாடிக்குப் படியிலேயே ஓடினேன். தந்தியை வாசித்துவிட்டு அக்கா, "ஓமோ. நல்லம்" என்றார். அதோடு கதவைச் சாத்திவிட்டார். எனக்கு ஏமாற்றம். ஒரு வீட்டையே வைத்துவிட்டு வந்தவனுக்கு ஒரு டீயாவது தரக்கூடாதா?

விசா, டாக்டர் பரிசோதனை என்று இழுத்து அவர்கள் வந்து சேர நவம்பர் ஆகிவிட்டது. அதுவரை வந்த கடிதங்களில் பாஸ்போர்ட்டும் தடுப்பூசியும்தான் இருந்தன. நானும் ஜெயித்தவன் மாதிரி இருந்தேன். விமான நிலையத்தில் என் பெண் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அம்மாவின் புடவைக்குப் பின்னால் போனாள். நாலு நாளாக அங்கேயேதான் இருந்தாள். என்னிடம் கேட்க வேண்டியதையெல்லாம் அம்மா வழியாகக் கேட்டாள். "அவரு சட்டையில ஏன்மா இவ்ளோ பூவு?"

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. இருவரையும் லாண்டரி அறைக்கு அழைத்துப் போனேன். பயணத்து அழுக்குத் துணியைத் துவைத்தது போலவும் ஆச்சு, அக்காவுக்குக் காட்டியது போலவும் ஆச்சு. காட்டத்தான் போனேன் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சூப்பர் எழுந்து நின்று என் மனைவிக்கு நாற்காலி கொடுத்தார். அவள் உட்காராமல், உலர்ந்து கிடந்த துண்டுகளை மடிக்கத் தொடங்கினாள். அக்கா சீட்டைக் கையில் பிடித்தபடியே அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீர் வந்திட்டீர்" என்றார். வாழ்த்துகிற குரல் இல்லை. நம்ப முடியாத குரல். "ஒரு தந்தியோட வந்திட்டீர்."

"முழுசா வரலக்கா" என்றாள் என் மனைவி. "ஜூன் ஒண்ணாந்தேதியே வேலையில சேந்துட்டேன். ஆறு மாசம் லீவு போட்டுட்டு வந்திருக்கேன். திரும்பிப் போற டிக்கெட்டும் பெட்டியில இருக்கு."

துண்டை மடித்துக்கொண்டேதான் சொன்னாள். ஓரம் ஓரத்தோடு சேர்ந்திருக்கிறதா என்று சரிபார்த்து அடுக்கில் வைத்தாள். கோயம்புத்தூர்க்காரர் தன் சீட்டுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"நீங்க படம் வரைஞ்சு அனுப்புனீங்க. எனக்கு வரையத் தெரியாது."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன். கையை எடுத்தபோது கன்னம் இரண்டும் நனைந்திருந்தன. அவர் எழுந்து வந்து என் மனைவி மடித்து வைத்த துண்டு அடுக்கில் கையை வைத்தார். "கெட்டிக்காரி" என்றார். "நீர் கெட்டிக்காரி." பிறகு என் பக்கம் திரும்பினார். இந்த மனிதர் எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன், என் அசட்டுத்தனத்தை என்ன சொல்ல!

"அங்க என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? பிள்ளை எட்டுப்படாமல் நிக்குது."

என் பெண் எங்கள் பேச்சு எதையும் கேட்கவில்லை. உலர்த்தும் மெஷினுக்கு முன்னால் நின்றிருந்தாள். அதன் வட்டக் கண்ணாடிக்குள் அவளுடைய சிவப்புக் கவுன் மேலே போவதும் விழுவதுமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடி அவள் தலைக்கு மேலே இருந்தது. நுனிக்காலில் எம்பிப் பார்த்தாள், குதித்துப் பார்த்தாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் இரண்டு கையிலும் துணி. பக்கத்தில் நான்தான் இருந்தேன். கொஞ்ச நேரம் என்னையும் என் சட்டைப் பூக்களையும் யோசனையாகப் பார்த்தாள். பிறகு, வேறு வழியில்லாமல்தான், இரண்டு கையையும் என் பக்கம் தூக்கினாள்.

நான் கடைசியாகத் தூக்கியபோது அவளுக்குப் பத்து மாதம். அந்தப் பழக்கத்தில் ஒற்றைக் கையை அவள் அக்குளில் கொடுத்துத் தூக்கினேன். அவள் தரையைவிட்டு எழும்பவே இல்லை. எனக்குத்தான் இடுப்புப் பிடித்துக்கொண்டது. மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முழங்காலை மடக்கி நன்றாகக் கீழே உட்கார்ந்து, இரண்டு கையையும் கொடுத்து, அவளை மறுபடி தூக்கினேன்.